மேலிடத்து உத்தரவு

கருப்பையாவின் போன் அடித்தபோது தங்கச்சி சுபாதான் எடுத்தாள். சென்னையிலிருந்து ஷர்லி என்ற வக்கீலம்மா.

"நீங்க யாரும்மா? உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

சுபா போனை அண்ணனிடம் நீட்டிவிட்டாள். ரேஷன் கடையானாலும் பேங்கானாலும், கட்டியவன் பேரை அவள் வாயால் சொன்னது கிடையாது. "அவரு பேரைச் சொன்னா ஒன் நாக்கு என்ன வெந்தா போயிரும்?" என்று அண்ணன் எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கிறான். அன்றைக்குக் கேலி இல்லை. பேரையும் சொல்லவில்லை. "நாளைக்கு நேர்ல வாங்கம்மா" என்று வைத்துவிட்டான்.

கருப்பையாவும் சுபாவின் வீட்டுக்காரரும் பாலைவன நாடொன்றில் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள். இவன் பொக்லைன் ஓட்டினான், அவர் போர்மேன். அங்கே உள்நாட்டுச் சண்டை. ஒரு ஊர்ச் சனத்தையே பட்டாளம் சுட்டுப் புதைத்ததாக இப்போது வெளிநாட்டுக் கோர்ட்டில் விசாரணை. புதைத்த குழியை வெட்டியது யார் என்று தேடித்தான் அந்தம்மா இலுப்பூருக்கு வருகிறாள்.

"கேபிளுக்குப் பள்ளம் வெட்டுனோம், மூடுனோம். அம்புட்டுத்தான் மச்சான்" என்றார் வீட்டுக்காரர்.

"மூடும்போது உள்ள கெடந்தது கேபிளா மாப்ளே?"

"நான் பாக்கலை."

"வண்டியை விட்டு எறங்கி வந்து ஒங்ககிட்டச் சொன்னேனே. சின்னப் புள்ளைக செருப்பு கெடக்குன்னு."

"எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலை."

சுபா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தம்மா வாரதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கருப்பர் கோயிலுக்கு வாங்க. இவரு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா, அண்ணே, நீ வாயத் தெறக்கக் கூடாது."

"அணைக்கலைன்னா?"

"அணைக்காம?" என்று சிரித்தாள். புருசன் மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை.

விடிந்ததும் குளித்து, ஈர வேட்டியோடு போய் நின்றார்கள். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி வைத்தார்.

"குழியில கெடந்தது என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லி அணைங்க" என்றாள் சுபா.

அது வெறும் கேபிள் பள்ளம்தான் என்று கம்பெனி வக்கீல் எழுதி வைத்ததில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மனுசர்தான். கையை நீட்டினார். தீக்கு மேலே போன கை அங்கேயே நின்றது.

"காத்தடிக்குது."

வேப்ப மரத்தில் ஓர் இலை அசையவில்லை. சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. பூசாரி யார் முகத்தையும் பார்க்காமல் தட்டை உள்ளே எடுத்துப் போனார்.

"மேலிடத்து உத்தரவு சுபா" என்றார் வீட்டுக்காரர், வரும் வழியில். "பட்டாளத்தான் துப்பாக்கியோட வந்து நிக்கிறான், நான் என்ன பண்ண? வெட்டுனது ஒங்கண்ணன்தானே? லீவர் அவரு கையிலதானே இருந்துச்சு?"

"ஆமா மாப்ளே. நான்தான் வெட்டுனேன், நான்தான் மூடுனேன். அதையும் சொல்லத்தான் போறேன்."

சுபா இரண்டு பேருக்கும் பின்னால், எட்ட நடந்து வந்தாள்.

ஷர்லி வந்து உட்கார்ந்தாள். சுபா எல்லோருக்கும் மோர் கொண்டு வந்து வைத்தாள். கருப்பையா தான் வெட்டியதை, பார்த்ததை, மூடியதை ஒவ்வொன்றாகச் சொன்னான். செருப்பைச் சொல்லும்போது அதன் அளவைக் கையால் காட்டினான். வீட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"எங்க பட்டாளம் அந்தப் பக்கமே போகலைன்னு அந்த நாட்டு அரசாங்கம் சாதிக்குது" என்றாள் ஷர்லி. "கம்பெனியோ பேரையே மாத்திக்கிச்சு. அதனால கீழேருந்து ஒவ்வொரு ஆளாப் பிடிச்சுத்தான் மேல ஏறணும். செருப்பு கிடக்குன்னு நீங்க போய்ச் சொன்னப்புறமும் மூடச் சொன்னது யாருங்கய்யா?"

கருப்பையா வாயைத் திறந்தான். தங்கச்சியைப் பார்த்தான். மூடிக்கொண்டான். ஷர்லி மறுபடி கேட்டாள்.

"குணசேகரன்."

சொன்னது சுபா. அந்தப் பேர் அவளுக்கே யாரோ அசலூர்க்காரன் பேரைப்போலக் கேட்டது.

"அது யாரும்மா?"

"எம் புருசன். அந்தா நிக்கிறாருல்ல, அவருதான்."

"அடிப்பாவி" என்றார் குணசேகரன். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

ஷர்லி அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு உத்தரவு போட்டது யாருங்க?"

"பட்டாளத்து அதிகாரி."

"பேரு?"

"அவன்கிட்டப் போய்ப் பேரு கேக்க முடியுமா? கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்."

"அவருக்கு மேல?"

குணசேகரன் கையை விரித்தார். தீக்கு மேலே நின்ற அதே கை.

"அப்ப இந்தக் கேசு இலுப்பூரோட நின்னுருமாங்க?" என்று கேட்டாள் சுபா.

"நிக்கக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

"கூடாதுதான்" என்று சொல்லிவிட்டு, ஒருவரும் தொடாத மோர்த் தம்ளர்களை எடுத்துக்கொண்டு சுபா உள்ளே போனாள்.