மால்டாவில் ஒரு மணி நேரம்

மும்பை செம்பூரிலிருந்து கிளம்பிய சுற்றுலாக் கூட்டத்தில் ஜோடியில்லாமல் போனவர் பிரம்மநாயகம் ஒருவர்தான். மனைவி முப்பிடாதியம்மாளுக்கு முழங்கால் வலி. கடல் பார்க்கப் போவதாகத்தான் கட்டடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். மத்தியதரைக் கடலில் அத்தனை தீவுகள் இருக்க, மால்டாவை ஏன் பிடித்தார் என்பது முப்பிடாதிக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் வீட்டில் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மகள் மாலதி அங்கேதான் நர்ஸாக இருக்கிறாள். யார் மூலமோ வாங்கிய விலாசச் சீட்டை அவர் சட்டைப் பையில் முப்பிடாதிதான் வைத்தாள். அவரும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.

திரும்பி வந்தவரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

மால்டாவில் மாதா கோயில் பார்க்கக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் விட்டிருந்தார்கள். அவர் தெருவைத் தேடிப் போய் வீட்டுக்கு எதிரே நின்றார். அழைக்காமல் மகள் வீட்டுப் படியேறும் வழக்கம் அவர் குடும்பத்தில் எந்தத் தகப்பனுக்கும் இருந்ததில்லை. மூன்றாம் மாடி ஜன்னலில் மாலதி தெரிந்தாள். அவரைப் பார்த்தும்விட்டாள். 'வாங்கப்பா' என்று ஒரு சொல் விழுந்திருந்தால் ஏறியிருப்பார்.

"வாயத் தொறக்கல. வெடுக்குனு உள்ள போயிட்டா. பிச்சைக்காரன் மாதிரி அங்க நிக்க முடியுமாட்டீ? வந்துட்டேன்."

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவிலிருந்து பழைய ஆபீஸ் நண்பர் வேங்கடசுப்ரமணியன் போனில் எடுத்த மால்டா படங்களைப் பார்க்க வந்தார்.

"கடலா ஓய் இது! நீல இங்க்கைக் கொட்டினாப்பல இருக்கு. ஹனிமூன் ஊருக்குத் தனியாப் போயிட்டு வந்த ஒரே ஆள் நீர்தான்!"

கோட்டை, படகு, பாறை என்று தள்ளிக்கொண்டே போன விரல் கடைசிப் படத்தில் நின்றது. மாலதியின் தெரு முனையில் நின்ற பஸ் கிளம்பும்போது எல்லோரும் தெருவைப் பார்த்து போனைத் தூக்கினார்கள், அவரும் தூக்கினார். முகத்தை மறைக்க வசதியாக இருந்தது. அதில் என்ன விழுந்ததென்று பிறகு பார்க்கவே இல்லை.

வேங்கடசுப்ரமணியன் படத்தைப் பெரிதாக்கினார். "யாரு ஓய் இது, இடுப்புல குழந்தையோட? பஸ்ஸைப் பாத்து ஓடி வராப்பல இருக்கே. நம்மூர் ஜாடைன்னா தெரியறது!"

முப்பிடாதி போனை வாங்கினாள். பிரம்மநாயகம் எட்டிப் பார்த்தார். திறந்து கிடந்த வாசல் கதவு. செருப்பில்லாத கால். தோளில் சாய்ந்த குழந்தை. முன்னால் நீண்டிருந்த மாலதியின் கை.

"யாரோ அந்த ஊர்க்காரி" என்றார். முப்பது வருட நண்பரானாலும் குடும்பத்தை விட்டுக்கொடுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

நண்பர் போனபிறகு முப்பிடாதி சொன்னாள்: "வாங்கன்னு கூப்பிடத்தான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மூணு மாடி இறங்கியிருக்கா. அஞ்சு நிமிசம் நின்னிருக்கலாம் நீங்க."

அவர் போனை வாங்கி அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பையனா, பொண்ணா?"

"படத்துல தெரியல" என்றாள்.