பாதுகாப்பு வாரத்துக்கு ஒன்பது வசனம்

சம்பங்கியின் கை மிஷினில் மாட்டிக்கொண்ட செய்தி சம்பங்கிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் ஓடி வந்தபோது அவன் இரண்டு கையாலும் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தப்பு அவனுடையதுதான். அந்த மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மிஷின் பக்கத்தில் துண்டுக் காகிதம்கூட ஆகாது. அதனால் பாதுகாப்பு வார நாடகத்தில் தனக்குரிய ஒன்பது வசனங்களையும், செய்து முடித்த பாகங்களின் பெட்டியோடு போகிற ஜாப் கார்டின் முதுகில் எழுதி வைத்துப் படித்தான். பெட்டி நிரம்பியதும் கார்டோடு போய்விட்டது. இன்ஸ்பெக்‌ஷனில் சுசித்ரா கார்டைத் திருப்பினாள். ‘ஐயோ, என் கை மாட்டிக்கிச்சு! மிஷின நிறுத்துங்க!’

நிறுத்தினாள். மொத்த லைனையும்.

சூப்பர்வைசர் தினேஷ்குமார் திட்டவில்லை. கார்டை நிதானமாகப் படித்தார்.

“ஒன்பது வசனம். அதுல நாலு ‘ஐயோ’. இதுகூடவா வரல? வியாழக்கிழமை ஒத்திகையில தடுமாறினா வேஷம் கோபிக்கு.”

வெள்ளிக்கிழமை நாடகத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாதான் ஹீரோ என்று எட்டாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் மகள் ஹரிணி. இரண்டாவது நிமிடத்திலேயே ஹீரோவுக்குக் கை போய்விடும் என்பதை அவளிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கையும் கோபிக்குப் போகப் பார்த்தது.

மனப்பாடம் பண்ணுவது எப்படி என்று எல்லாரிடமும் கேட்டான். எனக்கு வருமா என்றும் கேட்டான்.

“பாதாம் ஊற வச்சு சாப்புடுண்ணா” என்றான் பக்கத்து லேத் கோபி, பெருந்தன்மையாக.

“எழுதி எழுதிப் பாருங்கண்ணா” என்ற சுசித்ரா உடனே பதறினாள். “வேணாம், நீங்க எழுதாதீங்க.”

வருமா என்பதற்கு மட்டும் இருவரும் “பாக்கலாம்ணா” என்றார்கள்.

கடைசியில் கேன்டீனுக்குப் போனான். அங்கே வேலை செய்யும் கெம்பம்மாதான் நாடகத்தில் அவன் மனைவி. தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடம், தமிழ் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டினார்கள். அவளுடைய பதினான்கு வசனமும் வந்துவிட்டது. கூடவே அவனுடைய ஒன்பதும்.

“எப்டிம்மா மனப்பாடம் பண்ற?”

“அதெல்லாம் பண்ணலண்ணா. நீங்க சொல்றத கேக்கறேன். அதுக்கு என்ன சொல்லணுமோ அது வாயில வருது.”

“நான்தான் ஒண்ணுமே சொல்றதில்லயே.”

“அதான் நானும் முழிச்சிட்டு நிக்கறேன்.”

சம்பங்கி சிரிக்கவில்லை. “மழுப்பாம சொல்லும்மா. நாளைக்குள்ள எனக்கு வருமா?”

கெம்பம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“வராதுண்ணா. அஞ்சு வரும். மிச்சம் நாலையும் நான் கேள்வியா கேட்டு வாங்கிக்கறேன். நீங்க கூரையப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க, போதும்.”