பச்சைக் கொடி

ஏரியில் இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் பதினெட்டு டிகிரியைத் தொட்டால், குளிக்கலாம் என்று ஏரிக் காவலனான நான் பச்சைக் கொடி ஏற்ற வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சிவப்புதான். என் மனைவி இறந்த பிறகு மாமனார் தினமும் அங்கே வந்து, தன் கூட்டாளிகளிடம் சவடால் விடுவார். "மாப்ள கொடிய மட்டும் மாத்தட்டும், மொத ஆளா குதிக்கிறேன்!"

இன்று பத்தொன்பது. கூட்டாளிகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். முகம் வெளிறிய மாமா என்னை ஓரங்கட்டினார்.

"மாப்ள, இன்னும் ஆழத்துல விட்டுப் பாருங்களேன்."

படகுத்துறையின் நுனிக்குப் போய், வெப்பமானியின் கயிறு முழுவதையும் விட்டேன். பதினொன்று.

"பாத்தீங்களா! செவப்பே இருக்கட்டும்."

"அவ்வளவு ஆழத்துக்கு யாரையும் விடமாட்டோம் மாமா. இடுப்பளவுதான் கணக்கு."

"எம்பொண்ணு இருந்தா இப்படி மாட்டிவிடுவாளா?"

"அவ தள்ளியே விட்டிருப்பா."

மாமா சட்டையைக் கழற்றினார்.

கொடியை ஏற்றிவிட்டு, கை கொடுத்து இறக்கினேன். முழங்கால் நனைந்ததும் அலறி என்னைப் பிடித்து இழுத்தார். சீருடையோடு நானும் விழுந்தேன்.

"தண்ணி எப்படிய்யா இருக்கு?" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

"வெந்நீர்டா!" என்றார் மாமா. பற்கள் தந்தியடித்தன. என் கையை விடவில்லை.