ஒரு மீட்டர் பலகை

லென்ஸைக் கையில் கொடுத்த மறுகணமே பவர் அக்கா அதை நோட்டுப் புத்தகத்தின் கோட்டுக்கு மேலே பிடித்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள். கண்ணாடிக்குள் தெரிந்த கோடு இடப்பக்கம் ஓடியது. குவிலென்ஸ் என்றால் அப்படித்தான், நாம் போகும் திசைக்கு எதிராக ஓடும். பவர் கூடக்கூட ஓட்டமும் கூடும். மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடம் இதைப் பார்த்துப் பழகிய கைக்கு, அந்த ஓட்டத்தின் வேகமே போதும். பிளஸ் ஐந்து என்றது கை. நூறை ஐந்தால் வகுத்தால் இருபது. ஆக, குவிய தூரம் இருபது சென்டிமீட்டர். சோதனை முடிந்துவிட்டது. பரீட்சை தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சேர்ந்த முதல் நாளே, கண்ணாடி போட்டிருந்த ஏழு பேரின் பவரையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வகுப்புக்கு அவள் பவர் அக்கா. நாற்பத்தாறு வயது, கையில் ஏற்கெனவே ஒரு வணிகவியல் பட்டம். அந்தக் காலத்தில் அப்பா எந்த வரிசையில் போய் நின்றாரோ, அந்த வரிசையில் கொடுத்த விண்ணப்பம் அது. இப்போது இயற்பியல். இந்த வரிசையில் அவளே நின்றாள். வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கு இடம் உண்டு, ஆனால் தற்காலிகமாகத்தான். முதல் செய்முறைத் தேர்வில் தேறினால் இடம் நிலைக்கும். தேறாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்தத் தேர்வுதான் இன்று.

பொருளின் தூரம், பிம்பத்தின் தூரம், இரண்டையும் இணைக்கும் ஒரு சூத்திரம். அதைக் கற்றுக்கொண்ட வாரத்திலிருந்து, பேருந்தில் உட்கார்ந்தாலும் மனசுக்குள் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று வந்து விழுகிறது, என்ன ஒழுங்கு! அதே உற்சாகத்தில் அட்டவணையை நிரப்பினாள். முப்பதுக்கு அறுபது. நாற்பதுக்கு நாற்பது. அறுபதுக்கு முப்பது. நாலாவதாக ஒன்று வேண்டுமே? இருபத்தைந்துக்கு நூறு. ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. கடையில் எண் சரியாக இருந்தால் போதும், எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

விரிவுரையாளர் மேசை மேசையாக வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவருடைய கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. திருகை அரைச் சுற்று முறுக்கினால் போதும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. அவர் விரல் அட்டவணையில் இறங்கிக் கடைசி வரியில் நின்றது.

“திரையை எங்க வெச்சீங்கம்மா?”

“இங்கதான் சார். இந்தப் பலகை மேல.”

“பலகை எவ்வளவு நீளம்?”

பார்த்தாள். அளவுகள் குறித்த மரப்பலகை, சரியாக ஒரு மீட்டர். பொருளாக நிறுத்தியிருந்த கம்பி வலையிலிருந்து லென்ஸுக்கு இருபத்தைந்து, லென்ஸிலிருந்து திரைக்கு நூறு. திரை மேசையைத் தாண்டி, அடுத்த மேசைக்காரியின் மடியில் போய் நிற்க வேண்டும்.

“எங்கிட்ட எதுவும் வரல சார்” என்றாள் அடுத்த மேசைக்காரி. ஆய்வுக்கூடமே சிரித்தது.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. வலைக்குப் பின்னால் இருந்த பல்பைத் தொட்டுப் பார்த்தார். “பல்பு சுட்டிருந்தாக்கூட நம்பியிருப்பேன். விளக்கையே போடலையே நீங்க.” பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். “இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. என்ன செய்யணும்னு நான் சொல்லக் கூடாது.”

காது மடல் எரிந்தது. போச்சு, இடம் போச்சு. விளக்கைப் போட்டாள். முப்பதில் லென்ஸ், அதிலிருந்து அறுபதில் திரை. வலையின் கம்பிகள் தெளிவாக விழ வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கலங்கல்தான் இருந்தது. பல்பைச் சந்தேகப்பட்டாள், திரையைச் சந்தேகப்பட்டாள். தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பிறகு திரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். இன்னும் கொஞ்சம். ஐம்பத்தைந்துக்குப் பக்கத்தில் திடீரென்று கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. வலையின் மேல் இடது மூலையில் ஒரு கம்பி அறுந்திருந்தது. திரையில் அது கீழே வலது மூலையில், அறுந்த நுனியின் வளைவோடு, அப்படியே இருந்தது.

ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று. கணக்குப் போட்டாள், பத்தொன்பது புள்ளி நாலு வந்தது. எங்கோ பிசகு என்று லென்ஸை நாற்பதில் வைத்தாள். முப்பத்தேழு புள்ளி ஒன்பது. மறுபடி ஏறக்குறைய அதே விடை. ஐம்பதில் வைத்தாலும் அதே, முப்பத்தைந்தில் வைத்தாலும் அதே. நாலின் சராசரி பத்தொன்பது புள்ளி நாலு ஐந்து, நூறை அதால் வகுத்தாள். ஐந்து புள்ளி ஒன்று நாலு.

அப்படி ஒரு பவர் கடையில் கிடையாது! ஐந்துக்கு ஒரு பெட்டி, ஐந்தே காலுக்கு ஒரு பெட்டி, நடுவில் ஒன்றுமில்லை. கால் காலாகத்தான் பவர் ஏறும். ஆனால் இந்தக் கண்ணாடித் துண்டைத் தேய்த்த மனிதருக்கு அவள் கடையின் பெட்டிகளைப் பற்றி என்ன தெரியும்? கைக்குத் தெரிந்தது பெட்டிகள்தான். எதைக் கொடுத்தாலும் பக்கத்துப் பெட்டியில் போட்டு மூடிவிடும். இருபத்திரண்டு வருடம் இப்படி எத்தனையை மூடியதோ! எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

“என் கை பொய் சொல்லியிருக்குடி!” என்றாள் அடுத்த மேசைக்காரியிடம்.

“அக்கா, பரீட்சை நடக்குது” என்று அவள் பல்லைக் கடித்தாள்.

மணி அடித்ததும் விரிவுரையாளர் நோட்டை வாங்கிப் புரட்டினார். “கோடு போட்ட பக்கத்தைக் கிழிக்கலையா?”

“இல்ல சார். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் நல்லா இருக்கு.”

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. “திங்கக்கிழமை நோட்டீஸ் போர்டுல போடுவாங்க.”

“சார், இந்த லென்ஸ் இன்னும் அஞ்சே நிமிஷம்...”

“குடுங்கம்மா, கூடத்தைப் பூட்டணும்.”

வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் இறங்கி, பெட்டியிலிருந்து ஒரு பிளஸ் ஐந்தை எடுத்துக்கொண்டாள். கணவர் பேருந்து ஓட்டுபவர், காலை முறை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சன்னலுக்கு வெளியே முற்றத்துக் கொடியில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு? பாஸா, பெயிலா? முன்ன வாங்கின டிகிரியை மாட்டவே இன்னும் ஆணி அடிக்கல. ரெண்டு ஆணியா ஒரு ஆணியான்னு சொல்லிட்டா நல்லது.”

“தெரியலங்க. திங்கக்கிழமைதான் தெரியும். அந்த அளக்கற டேப் எங்க? நீங்க அங்கயே நில்லுங்க, வெயில்ல. அசையாதீங்க.”

“பெயிலானவ இவ்வளவு சிரிக்க மாட்டாளே!”

அறையின் கதவைச் சாத்தி, சன்னலை மட்டும் திறந்து வைத்தாள். ஒரு கையில் லென்ஸ், மறு கையில் வெள்ளைத் தாள், டேப் சன்னல் கட்டையில். முதலில் வெறும் காக்கிக் கலங்கல். தாளை இழுக்க இழுக்க அது ஒரு ஆளாகக் கூடியது. அரைச் சாண் உயரத்தில் அவர், கால் மேலே, தலை கீழே. துண்டு மேல்நோக்கித் தொங்கியது.

“தலைகீழாத் தெரியறீங்க!”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தானே பாக்கற” என்றது வெளியிலிருந்து குரல். தாளில் அந்தக் குட்டி ஆள் கையை ஆட்டினார்.

“ஆட்டாதீங்க, பெட்டியில போட்டிருக்கற அஞ்சு நெஜமாவே அஞ்சான்னு பாக்கறேன்” என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளை ஒரு நூல் அளவு பின்னால் தள்ளினாள். காக்கிச் சட்டையில் பொத்தான்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளாகத் தெளிந்தன. நாலாவது இன்னும் கலங்கலாகவே இருந்தது. இன்னும் ஒரு நூல் தள்ளினாள்.