இரண்டு முறை விழுந்த பொடி

மூன்று மாதமாக என் வாயு என் பேச்சைக் கேட்கவில்லை. விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் வாயு அது. சூடு ஒரு கோடி டிகிரி. ஊதி ஆற்ற அங்கே ஆளில்லை. ஒளியை வெளியே விட்டு விட்டுத்தான் அது ஆற வேண்டும். எத்தனை காலத்தில் ஆறும் என்று கணினியில் கணிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மற்றவர்களுக்கெல்லாம் ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு வருகிறது, எனக்கு மட்டும் அறுபது கோடி. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் இழுத்துவிடும்; கைக்கு வந்த வேலையும் போய்விடும்.

நான் குடியிருப்பது பிள்ளையார்பாளையத்தில், பள்ளித்தோழி கலாவதி வீட்டு மாடியில். கீழே அவளும் கணவர் வரதராஜனும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டு படியில் நின்றேன். சாயத் தொட்டியருகே ஒரே சத்தம்.

"குங்குமச் செவப்பு கேட்டாங்க. இன்னாபா இது, அரக்கா வந்துக்கினு இருக்குது?" என்றாள் கலாவதி.

"பொடிய நிறுத்துதான் போட்டேன்."

"நானும் நிறுத்துதான் போட்டேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, இரண்டாவதாகப் போட்டது யார் என்று சண்டை பற்றிக்கொண்டது.

எனக்கு வாயில் நுரையோடு என் இரும்பு நினைவுக்கு வந்தது. அந்த வாயுவில் இரும்பு ஒரு சிட்டிகைதான், ஆனால் ஒளியை வாரி இறைப்பது அதுதான். வாயு எவ்வளவு ஒளி விடும் என்பதற்கு நான் பிறரிடம் வாங்கிய அட்டவணையில் இரும்பு ஏற்கெனவே சேர்ந்திருக்குமோ? ஓடிப்போய்ப் பார்த்தேன். சேர்ந்தேதான் இருந்தது. அது தெரியாமல் நானும் தனியாகச் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். மதியம் விடை வந்தது: தொண்ணூற்றெட்டு கோடி. உட்கார்ந்து அழுதேன்.

கீழே இறங்கினால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "சோறு ஆறுதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு கிரேஸ்," என்றாள் கலாவதி, அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே.

"அண்ணா, நானும் உங்கள மாதிரியே ரெண்டு தடவ போட்டுட்டேன். அது தெரியாம மூணு மாசமா கம்ப்யூட்டரத் திட்டிக்கினு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு சண்ட போடலன்னா என் கதி அவ்ளோதான். ரொம்ப நன்றிண்ணா."

வரதராஜன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வந்தது எனக்கல்ல, மனைவிக்கு.

"ரெண்டாவது போட்டது நான்தாம்மா. தண்ணி செவப்பா இருந்ததப் பார்த்தேன். நேத்து மிச்சம்னு நெனச்சிக்கினு கேக்காம போட்டுட்டேன்."

கலாவதி அவருக்குத் தட்டு வைத்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள்.

ஞாயிறு மாலை ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். முதல் வரியே அவர்கள்தான்: கலாவதி, வரதராஜன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"அவர் பேர முன்னாடி போடு. நீ சொன்னதும் தப்ப ஒத்துக்கினாரே," என்றாள்.

மாற்றிவிட்டேன்.