வீட்டின் பின்னால்

"நான் பின்னாடியே ஏறிக்கிறேன்" என்று ஷியாமளா ஆம்புலன்ஸுக்குள் காலை வைத்துவிட்டாள். முன்னால் உட்காரச் சொன்ன கொழுந்தன் வாசு, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். பிணவறைக் குளிர் இன்னும் விடாத பெட்டிக்குள் அவள் கணவர் முத்துராமன் கிடந்தார்.

"முதல்ல வீடு, அப்புறம்தான் ஜெபல் அலி சுடுகாடு. டிரைவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணி. நிஜாம் பாய் வாசல்ல கொஞ்சம் நிறுத்துவார்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போவது அநாதைப் பிணம்தான். அவள் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள்.

வீடு என்பது அல் கூஸ் தொழிற்பேட்டையில், கம்பெனி ஷெட்டுக்குப் பக்கத்து மணலில் நின்ற மாதிரி வீடு. முத்துராமனின் டிசைன். சுவர், கூரை, குளியலறை எல்லாம் ஷெட்டிலேயே செய்து, கிரேனால் தூக்கிவந்து பொருத்தியது. கூரையில் சோலார், கை கழுவிய தண்ணீர் கழிவறைக்குப் போகும். ஆள் வாழ்ந்து காட்டினால்தான் வாங்குகிறவன் நம்புவான் என்று மனைவியோடு அதிலேயே குடியேறிவிட்டார் மனிதர். பெண் பார்க்க வந்தவர்களைப் போல ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஷியாமளா காபி கொடுப்பாள். "தூக்கிட்டுப் போனா பூமில ஒரு தழும்புகூட இருக்காது" என்று அவர்களிடம் பீற்றிக்கொள்வார். ஊரிலும் வேறு வீடு கிடையாது. அவளுக்கு அந்தப் பெருமை பிடித்ததே இல்லை.

நெஞ்சுவலியோடு ஸ்ட்ரெச்சரில் போகும்போதுகூட, "கதவைச் சாத்து, ஏசி குளிர் போகுது" என்றுதான் சொன்னார். அவளும் சாத்தினாள். அந்த வாசலுக்கு அவரை ஒரு தடவை கொண்டுவந்துவிட வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

முன் சீட்டில் வாசுவின் போன் அடித்தது. கம்பெனி மேனேஜர் மஹ்மூது. அவர் குரல் பின்னால் வரைக்கும் கேட்டது.

"தம்பி, காரியம் முடிஞ்சு இந்தப் பக்கம் வந்துடாதீங்க. வீடு நாளைக்கு அபுதாபி எக்சிபிஷனுக்குப் போகணும்ல? தூக்குறதை அக்கா பாத்தா தாங்கமாட்டாங்கன்னு, இன்னிக்கே டிரெய்லர்ல ஏத்தி இப்பத்தான் அனுப்பினேன். சாமான்லாம் பத்திரமா பெட்டில கட்டி வெச்சிருக்கேன்."

வாசலில் நிறுத்தப்போவதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல மனுஷன் நல்லதென்று நினைத்துச் செய்த காரியம். வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை.

"இப்ப அங்க வெறும் மணல்தான் அண்ணி" என்றான் வாசு.

"நேரா போகச் சொல்லு."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அபுதாபி சாலையில் வண்டி வேகம் குறைந்தது. ஷியாமளா நடுவிலிருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். முன்னால், மஞ்சள் விளக்குகள் மின்ன, ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு அவள் வீடு போய்க்கொண்டிருந்தது. நிஜாம் முந்துவதற்கு ஓரம் ஒடித்தார்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். "முந்தாதீங்க பாய்."

"இது ஆமை மாதிரில்ல போகும் அக்கா."

"போகட்டும்."

"அண்ணி, சுடுகாட்டுல நமக்குக் குடுத்த டைம் தாண்டிடும்" என்றான் வாசு.

"அது அவர் வீடு வாசு!"

அவள் அப்படிக் கத்தி வாசு கேட்டதில்லை. நிஜாம் ஸ்டியரிங்கைத் திருப்பி, டிரெய்லரின் பின்னாலேயே வண்டியை ஓட்டினார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன.

ஷியாமளா பெட்டியின் மேல் கை வைத்தாள். "வந்தாச்சுங்க" என்றாள். அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது வாசல் இல்லை, குளியலறைச் சுவர். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஜெபல் அலி பலகை வந்தது. நிஜாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஆம்புலன்ஸ் வலப்பக்கம் பிரிந்தது.

வீடு நேரே போயிற்று. குளியலறை ஜன்னலுக்குள் யாரோ அணைக்க மறந்த விளக்கு, அந்த வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது.