சொட்டை வண்டு

என் கணவரும் என் அண்ணனும் ஒரே அருங்காட்சியகத்தில் வண்டுகளை இனம் பிரிக்கும் வேலையில் இருந்தார்கள். அதிலும் கம்பள வண்டுகள். மிளகில் பாதிதான் இருக்கும். முதுகில் வண்ணச் செதில்கள், உணர்கொம்பின் நுனியில் ஒரு குமிழ், பயந்தால் அதை மடக்கி ஒளித்துக்கொள்ள மார்பில் ஒரு பள்ளம். இதை விட்டால் இருவருக்கும் வேறு பேச்சே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இவர் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு ஜமுக்காளத்தைத்தான்.

அவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. கம்பள வண்டுகளில் ஒரு சின்னக் கூட்டத்தில் மூன்று இனம் என்பார் அண்ணன், நான்கு என்பார் இவர். நான்காவது, எங்கள் படுக்கையறை ஜன்னலில் இவர் பிடித்தது. மற்றவற்றின் முதுகில் வெள்ளைப் பட்டை உண்டு, இதற்கு இல்லை. அது கிழட்டு வண்டு, செதில் உதிர்ந்துவிட்டது என்று அண்ணன் அடித்துச் சொன்னார்.

"நானும்தான் சொட்டை. என்னையும் தனி இனம்னு எழுதுவீங்களா மாப்ள?"

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்."

வளர்த்துப் பார்த்துவிடலாம் என்று இவர் அதைத் தீப்பெட்டியில் போட்டுக் கோட்டுப் பையில் வைத்தார். அதற்குள் ஆஸ்பத்திரி. பிறகு இவர் திரும்பவில்லை.

அந்தக் கம்பளிக் கோட்டை நான் துவைக்கவே இல்லை. முகம் புதைத்தால் ஆள் இன்னும் அதில் இருந்தார். ஒரு நாள் மூக்கில் ஏதோ குத்தியது. பையைச் சுற்றிலும் குட்டிப் புழுக்கள், பீப்பாய் உடம்பும் வாலில் மயிர்க்கற்றையுமாக. தீப்பெட்டியில் தாய் வண்டு செத்துக் கிடந்தது.

அண்ணன் வந்தார். ஃப்ரீசரில் வைத்தால் புழு சாகும், கோட்டு பிழைக்கும். விட்டுவைத்தால் புழுக்கள் வண்டாகும். புதுச் செதிலோடு வரும் பிள்ளைகளுக்கும் பட்டை இல்லையென்றால் இவர் சொன்னதுதான் சரி. இதைச் சொல்லிவிட்டு அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ இவர் ஜெயிக்க வேண்டும்.

"தின்னட்டும்ணா," என்றேன்.

கோட்டைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு மூடினோம். விருந்தாளிகள் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார்கள். ஒரு கை போனது, காலர் போனது. கடைசியில் வண்டுகள் வெளியே வந்தன.

அண்ணன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, "எல்லாத்துக்கும் பட்டை இருக்கும்மா," என்றார்.

ஜெயித்த முகமாகவே இல்லை. ஒவ்வொரு வண்டாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஆனா இந்தக் கொம்புக் குமிழைப் பாரேன். கொஞ்சம் தட்டையா இல்ல?"

பார்த்தேன். உருண்டையாகத்தான் இருந்தது. அதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குமிழைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார். ஒரே தலைமுறையை வைத்து முடிவு கட்டுவது அவசரக்குடுக்கைத்தனம் என்றார். நான்கு இனம்தான் என்று மேசையைத் தட்டினார். எதிர்த்துப் பேச அவருக்கு ஆள் வேண்டுமே. மூன்றுதான் என்று நானும் விடாமல் நின்றேன்.

அடுத்த தலைமுறைக்குத் தொட்டியில் கம்பளி போதாது. அண்ணன் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்தார். அண்ணி போன மாதம்தான் பின்னி முடித்தது.

"பஸ்ல விட்டுட்டேன்னு சொல்லிக்கலாம்," என்று அதை மடித்து உள்ளே வைத்தார்.